8 ஜி ஃபைபர் சேனல் போர்ட்டில் ஃபில் வேர்டு: நான்கு மோடுகளில் எதைத் தேர்வது?

சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் சேனல் நெட்வொர்க்கில், ப்ரோகேட் 300, 5100, 5300, டிசிஎக்ஸ் ஆகிய 8 ஜி (நொடிக்கு 8 கிகாபிட்) தலைமுறை ஸ்விட்சுகள் இன்றும் பல டேட்டா சென்டர்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஐபிஎம் வழியாக வாங்கியிருந்தால் எஸ்ஏஎன்24பி-4, எஸ்ஏஎன்40பி-4, எஸ்ஏஎன்80பி-4 என்று பெயர்ப்பலகை மாறியிருக்கும். உள்ளே அதே சிப்தான், ஸ்விட்சை இயக்கும் அதே ஃபேப்ரிக் ஓஎஸ் மென்பொருள்தான். இவற்றில் ஒரு 8 ஜி ஸ்டோரேஜையோ 8 ஜி எச்பிஏ (ஃபைபர் சேனல் அட்டை) உள்ள சர்வரையோ இணைக்கும்போது எதிர்ப்படும் முடிவு ஒன்று உண்டு. ஃபில் வேர்டு, அதாவது டேட்டா ஓடாத நேரத்தில் லிங்க்கை நிரப்பும் கோவை, மோடு 0-இல் இருக்கட்டுமா, 1-க்கோ 2-க்கோ 3-க்கோ மாற்றுவதா?

சர்வரும் ஸ்டோரேஜும் இணையும் பெரும்பாலான 8 ஜி போர்ட்டுகளுக்கு 3 சரி என்பதே என் தீர்மானம். ஆனால் எந்த எண் என்பது இதில் பாதி வேலைதான். எந்த போர்ட்டில், எப்போது, எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பது அதைவிடக் கனமான கேள்வி. ஏனென்றால் மோடை மாற்றும் கட்டளை, இயங்கிக்கொண்டிருக்கும் போர்ட்டை ஒரு முறை இறக்கி ஏற்றுகிறது.

ஃபில் வேர்டு என்பது என்ன

ஃபைபர் சேனல் லிங்க் ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை. அனுப்ப ஃபிரேம் (டேட்டாப் பொட்டலம்) இல்லாத நேரத்திலும் இரு முனைகளும் குறிப்பிட்ட நான்கு எழுத்துக் கோவை ஒன்றை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கதை கேட்பவர் உம் கொட்டுவது போல, 'நான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மறுமுனைக்குச் சொல்லும் அடையாளம் அது. எதிர்முனையின் ரிசீவர் தன் கடிகாரத் துடிப்பைத் தொடர்ந்து ஒத்திசைத்துக்கொள்ளவும் அதுவே உதவுகிறது.

1, 2, 4 ஜி காலம் முழுக்க அந்தக் கோவை ஐடில் எனப்படுவதாக இருந்தது. கே28.5, டி21.4, டி21.5, டி21.5 என்பது அதன் அமைப்பு. இதில் டி21.5-ஐ 8பி/10பி குறியாக்கத்தில் (8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பும் முறை) போட்டால் 1010101010 என்று மாறி மாறி வரும் பிட்டுகள் கிடைக்கும். மெதுவான லிங்க்கில் இதனால் கெடுதல் இல்லை. 8 ஜி-யில் வயரில் ஓடும் வேகம் நொடிக்கு 8.5 கிகாபாட். சும்மா இருக்கும் நேரமெல்லாம் ஒரே மாதிரியான உயர் அதிர்வெண் அலை ஓடினால் மின்காந்த இரைச்சல் ஒரே புள்ளியில் குவியும். அதனால் 8 ஜி-க்கு ஆர்ப்-எஃப்எஃப் என்ற வேறு கோவையை, ஃபைபர் சேனல் தரநிலைகளை வகுக்கும் டி11 குழு தேர்ந்தெடுத்தது. கே28.5, டி20.4, டி31.7, டி31.7 என்பது அதன் வடிவம்.

குழப்பம் இங்கேதான் பிறந்தது. லிங்க் எழும்போது முதலில் வேகப் பேச்சுவார்த்தை நடக்கும். பிறகு எல்ஆர் (லிங்க் ரீசெட்), எல்ஆர்ஆர் (அதற்கான பதில்) என்று இரு பக்கமும் ரீசெட் கைகுலுக்கல் செய்யும். அதன்பின் ஐடில் அனுப்பி, ஐடில் பெற்று, ஆக்டிவ் நிலைக்குப் போகும். ஆக்டிவ் ஆன பிறகுதான் ஃபில் வேர்டு தொடங்குகிறது. லாக்-இன் அதற்கும் பிறகு. ஆகக் கேள்விகள் இரண்டு: எழும்பும் கட்டத்தில் எந்தக் கோவை? எழுந்தபின் எந்தக் கோவை? எஃப்சி-எஃப்எஸ்-3 தரநிலையின் பதில் தெளிவானது. எழும்போது ஐடில், எழுந்தபின் ஆர்ப்-எஃப்எஃப். ஆனால் 8 ஜி சாதனங்கள் எல்லாம் இந்த வடிவில் வரவில்லை. சில இரண்டு கட்டத்துக்கும் ஐடில் என்றன, சில இரண்டுக்கும் ஆர்ப்-எஃப்எஃப் என்றன. ஃபேப்ரிக் ஓஎஸ் 6.3.1-க்கு முன் ஸ்விட்சிலும் இந்த இரண்டு வழிகள்தான் இருந்தன. மோடு 0, மோடு 1. தரநிலைப்படியான 2-உம், முயன்று பார்த்து மாறும் 3-உம் 6.3.1 தொடரில்தான் சேர்ந்தன.

மோடு 0: இருப்பது இருக்கட்டும்

இரு கட்டத்துக்கும் ஐடில். 6.3.1-க்குப் பிந்தைய ஃபேப்ரிக் ஓஎஸ்-இல் ஸ்விட்சை ஃபேக்டரி நிலைக்குத் திருப்பினால் போர்ட்டுகள் எல்லாம் இதற்கே வரும். அதனால் யாரும் கை வைக்காத ஸ்விட்சில் இதுவே இருக்க வாய்ப்பு அதிகம்.

0-ஐ அப்படியே விடுவதற்கு ஆதரவான வாதம் எளியது. லிங்க் ஏறிவிட்டது, டேட்டா ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும்? ஓடுவதைத் தொடாதே என்பது இந்தத் தொழிலில் மதிக்கத்தக்க வாதம். அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. எதிர்முனை ஆர்ப்-எஃப்எஃப் அனுப்புகிறது, ஸ்விட்ச் ஐடிலை எதிர்பார்க்கிறது என்று வையுங்கள். வந்துசேரும் ஒவ்வொரு கோவையும் அதற்குச் செல்லாத கோவை. போர்ட்ஸ்டாட்ஸ்ஷோ கட்டளையில் ஈஆர் பேட் ஓஎஸ் என்ற கவுண்டர் நிற்காமல் ஏறும். சும்மா இருக்கும் போர்ட்டில் இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் அங்கே ஓடுவது முழுக்க ஃபில் வேர்டுதான். பெரும்பாலும் டேட்டாவுக்கு இதனால் பாதிப்பில்லை. ஃபிரேம்கள் ஒழுங்காகவே போய்ச் சேரும்.

'அப்படியானால் அது வெறும் எண்தானே' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. இதில்தான் நான் உறுதியாக மாறுபடுகிறேன். ஃபைபர் சேனலில் ஒரு எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஆப்டிகல் மாட்யூல்) தளர்வதையோ, ஒரு பேட்ச் கார்டு மடங்குவதையோ, கனெக்டரில் தூசி படிவதையோ முதலில் சொல்வது கவுண்டர்கள்தான். ஓர் ஆரேயின் (ஸ்டோரேஜ் பெட்டியின்) எல்லாப் போர்ட்டுகளிலும் ஒரு கவுண்டர் கோடிக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால், அந்தத் திரையை யாரும் கவனித்துப் படிக்க மாட்டார்கள். 'அந்த எண் எப்பவும் அப்படித்தான்' என்று டீமில் ஒரு பழக்கம் வந்துவிடும். உண்மையான கோளாறு வரும் நாளில், பார்க்க வேண்டிய இடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சில சாதனங்களில் நிலைமை இன்னும் மோசம். லிங்க் ஏறும், கொஞ்ச நேரத்தில் விழும், மறுபடி ஏறும். ஸ்விட்ச்ஷோவில் போர்ட் இன்-சிங்க் நிலையிலேயே நிற்கும், ஆன்லைன் ஆகாது. கேபிளை மாற்றி, எஸ்எஃப்பி-யை மாற்றி, கடைசியில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரையே சந்தேகிக்கும் நிலை வரும். 8 ஜி-யில் ஏறாத லிங்க் 4 ஜி-யில் சட்டென்று ஏறினால், கேபிளைப் பார்ப்பதோடு ஃபில் வேர்டு மோடையும் பார்த்துவிடுங்கள்.

மோடு 1: பழைய வழி

இரு கட்டத்துக்கும் ஆர்ப்-எஃப்எஃப். எழும்பும் கட்டத்தில் ஐடிலை எதிர்பார்க்கும் சாதனம் இதில் ஆக்டிவ் நிலைக்கே வராது. 3 வந்த பிறகு 1-ஐப் புதிதாகத் தேர்வதற்கு எனக்குக் காரணம் தெரிவதில்லை. 1-இல் வேலை செய்யும் சாதனம் 3-இலும் அதே முறையில்தான் ஏறும். 6.3.1-க்கு முந்தைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த ஸ்விட்சில் சில போர்ட்டுகள் இன்னும் 1-இல் இருக்கலாம், ஏனென்றால் ஃபர்ம்வேர் மேம்பாடு பழைய அமைப்பைத் தொடாது. லிங்க் நிலையாக இருந்து கவுண்டரும் அசையவில்லை என்றால் அதை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை.

2-ஆ, 3-ஆ: உண்மையான போட்டி

மோடு 2 என்பது தரநிலை சொன்னது சொன்னபடி: எழும்போது ஐடில், எழுந்தபின் ஆர்ப்-எஃப்எஃப். மோடு 3 முதலில் இரு கட்டத்துக்கும் ஆர்ப்-எஃப்எஃப் என்று முயலும். மூன்று முறை முயன்றும் லிங்க் ஏறவில்லை என்றால் மோடு 2-இன் வழிக்கு இறங்கும். இரண்டுமே எஃப்சி-எஃப்எஸ்-3-க்கு உட்பட்டவை என்றுதான் ப்ரோகேட் வகைப்படுத்தியது. பெரும்பாலான சூழல்களுக்கு 3-ஐப் பரிந்துரைத்தது, அதிக வகைச் சாதனங்களோடு ஒத்துப்போகும் என்பதே காரணம். ஐபிஎம் எஸ்விசி, ஸ்டோர்வைஸ் போன்றவற்றை 8 ஜி-யில் இணைப்பதற்கான வழிகாட்டுதல்களும் 3-ஐயே சொல்கின்றன.

3-இன் பலம் கலப்பான சூழலில் தெரியும். ஒரே ஸ்விட்சில் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய எச்பிஏக்கள், இரண்டு நிறுவனங்களின் ஆரேகள், நடுவில் ஒரு டேப் லைப்ரரி என்றிருக்கும் இடத்தில், ஒவ்வொரு போர்ட்டிலும் எதிர்முனை எந்தக் காலத்து வடிவமைப்பு என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. நாளை அந்த போர்ட்டில் வேறொரு சர்வர் வந்து செருகப்படலாம். அப்போதும் 3 தன்னால் பொருந்திக்கொள்ளும்.

2-இன் பலம் முன்கூட்டியே தெரிந்த நடத்தை. முயற்சி, தோல்வி, மறு முயற்சி என்ற கட்டமே அதில் இல்லை. லிங்க் ஏறவில்லை என்றால் காரணம் வேறெங்கோ என்று உடனே முடிவு கட்டலாம். எதிர்முனை தரநிலைப்படி நடக்கிறது என்று அதன் ஆவணம் வெளிப்படையாகச் சொல்லி, 2 என்றே கேட்கிறது என்றால் 2-ஐப் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. 3-இல் லிங்க் சில நேரம் உடனே ஏறுகிறது, சில நேரம் இழுக்கிறது என்ற போர்ட்டிலும் 2-ஐ முயன்று பார்ப்பேன்.

மற்றபடி 3. ஒரு ஸ்விட்சில் பாதி போர்ட்டுகள் 2-இலும் பாதி 3-இலும் காரணமில்லாமல் கலந்து கிடப்பதைவிட, எல்லாம் 3-இல் இருந்து, விலக்கான இரண்டொரு போர்ட்டுகளுக்கு மட்டும் போர்ட் பெயரிலேயே குறிப்பு எழுதி வைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் பெரிய உதவி.

நான்கும் வேண்டாம், 4 ஜி-யில் கட்டிப்போடலாமா?

இப்படி ஒரு ஐந்தாவது வழியும் உண்டு. போர்ட்டின் வேகத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து 4 ஜி என்று பூட்டிவிட்டால், ஃபில் வேர்டு அமைப்பு எதுவாக இருந்தாலும் அது செயல்படாது. 8 ஜி-யில் லாக்-இன் ஆகும் சாதனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 800 மெகாபைட் என்பது 400 ஆகக் குறையும். பேக்கப் சர்வருக்கும் பெரிய டேட்டாபேஸுக்கும் இது ஏற்கத்தக்கதல்ல.

ஆனாலும் ஓரிடத்தில் இது நல்ல முடிவு. கட்டடத்தில் ஏற்கெனவே பழைய ஓஎம்2 வகை ஃபைபர் கேபிள் இழுக்கப்பட்டிருந்தால், 8 ஜி-க்கு அது தாங்கும் தூரம் 50 மீட்டர்தான். 4 ஜி-யில் 150 மீட்டர் வரை போகலாம். 50 மீட்டரைத் தாண்டிய ஓஎம்2-வில் 8 ஜி லிங்க் விழுந்து விழுந்து எழுந்தால், அதற்கு எந்த ஃபில் வேர்டும் மருந்தாகாது. புதிய ஓஎம்3 இழுக்கும்வரை 4 ஜி-யில் பூட்டி வைப்பது நேர்மையான தீர்வு. ஓஎம்3-இல் 8 ஜி-க்கே 150 மீட்டர் கிடைக்கும்.

எப்போது, எந்த வரிசையில்

இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மோடை மாற்றும் போர்ட்சிஎஃப்ஜிஃபில்வேர்டு கட்டளை 8 ஜி சாதனங்களின் நடத்தையை மட்டுமே மாற்றுகிறது. ஆனால் போர்ட் அப்போது எந்த வேகத்தில் ஓடினாலும், அது 4 ஜி-யாகவே இருந்தாலும், கட்டளை லிங்க்கை இறக்கி ஏற்றும். 'இது 4 ஜி சர்வர்தானே, பாதிக்காது' என்று பட்டப்பகலில் போட்டால் அந்த சர்வர் தன் ஒரு பாதையை இழக்கும். இன்னொரு பாதை ஏற்கெனவே செத்துக் கிடந்தால் சர்வரே விழும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ஸ்விட்சை அல்ல, சர்வர்களை. லினக்ஸில் மல்ட்டிபாத் பட்டியல், ஏஐஎக்ஸில் எல்எஸ்பாத், ஈஎஸ்எக்ஸில் பாத் நிலை என்று ஒவ்வொரு ஹோஸ்டிலும் (சர்வரிலும்) இரண்டு ஃபேப்ரிக் (தனித்தனி ஸ்விட்ச் வலை) வழியாகவும் பாதைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். ஃபேப்ரிக் ஏ-வைத் தொடுமுன் பி-யின் ஆரோக்கியம் உறுதியாகியிருக்க வேண்டும். இதில் ஒரு ஹோஸ்ட் சந்தேகமாக இருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போவது நல்லது.

வரிசை என்று கேட்டால், முதலில் அதிகம் பேர் சாராத ஒரு டெஸ்ட் சர்வரின் போர்ட். அது ஏறி, லாக்-இன் ஆகி, கவுண்டர் அமைதியானதைப் பார்த்தபின் ஒரே ஒரு ஸ்டோரேஜ் போர்ட். ஸ்டோரேஜ் போர்ட் விழுந்தால் அதன் வழியாகப் போகும் எல்லா ஹோஸ்டுகளும் பாதை மாறும் என்பதால், அந்தப் பாதை மாற்றம் எல்லாச் சர்வர்களிலும் முடிந்து, பாதை திரும்பி வந்த பிறகே அடுத்த போர்ட். எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே ஸ்கிரிப்டில் கட்டளையை ஓடவிடுவது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோலத் தெரியும். உண்மையில் அது ஒரு ஃபேப்ரிக் முழுவதையும் சில நொடிகளுக்குள் ஒரு முறை அணைத்து எழுப்புவதற்குச் சமம். ஃபேப்ரிக் பி-யை அன்றே தொடாமல், ஏ குறைந்தது ஒரு முழு நாள் பேக்கப் ஓட்டத்தையும் தாங்கிக் காட்டியபின் தொடுவதே என் வழக்கம்.

ஃபைபர் சேனல் வகை எல்டிஓ-5, எல்டிஓ-6 டேப் டிரைவுகள் 8 ஜி-யில்தான் வந்தன. டிஸ்க் போல மாற்றுப் பாதை பெரும்பாலான டேப் இணைப்புகளுக்கு இருப்பதில்லை. போர்ட் ஒரு நொடி இறங்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் ஜாப் முறிந்துவிடும். டிரைவில் கேசட் இல்லாத நேரம் பார்த்து, பேக்கப் ஷெட்யூலை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். எஸ்ஏஎன்-இலிருந்தே (இந்த ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்தே) பூட் ஆகும் சர்வர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

பிந்தைய ஃபேப்ரிக் ஓஎஸ் பதிப்புகளில் பாஸிவ் என்ற விருப்பம் வந்தது. அதைச் சேர்த்துப் போட்டால் அமைப்பு சேமிக்கப்படும், லிங்க் இறங்காது. அடுத்த முறை போர்ட் அணைத்து ஏற்றப்படும்போது நடைமுறைக்கு வரும். போர்ட்சிஎஃப்ஜிஷோவில் ஃபில் வேர்டுக்கு இரண்டு வரிகள் தெரிவது இதனால்தான்: ஒன்று சேமித்து வைத்தது, இன்னொன்று இப்போது ஓடுவது. இரண்டும் வேறுபட்டிருந்தால் மாற்றம் காத்திருக்கிறது என்று பொருள். வசதியான வழிதான், ஆனால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மாதங்கள் கழித்து யாரோ கேபிளை எடுத்துச் செருகும்போது மாற்றம் நடைமுறைக்கு வரும். அன்று ஏதேனும் கோளாறு வந்தால் இந்த அமைப்பை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். பாஸிவாகப் போட்டால் எப்போது நடைமுறைக்கு வரும் என்ற தேதியையும் சேஞ்ச் டிக்கெட்டில் எழுதிவிடுங்கள்.

எந்த ஆபத்தும் இல்லாத வேலை ஒன்று உண்டு. காலியாக இருக்கும் போர்ட்டுகளில் இன்றே 3-ஐப் போட்டுவிடலாம். எதுவும் இணைந்திருக்காததால் இறங்க ஒன்றுமில்லை. அமைப்பு நிலைத்திருந்து, 8 ஜி சாதனம் வரும்போது தானே பொருந்தும். புதிய ஆரே வந்திறங்கும் நாளில், கேபிள் செருகுமுன் இது முடிந்திருந்தால் அந்த இரவின் தலைவலி பாதி குறையும்.

தொடாமல் விட வேண்டியவை

ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான நெடுந்தூர இணைப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது போர்ட்சிஎஃப்ஜிலாங்டிஸ்டன்ஸ் கட்டளையில் வரும் விசி ட்ரான்ஸ்லேஷன் லிங்க் இனிட் என்ற மதிப்பு. 1 என்றால் லிங்க் ஆர்ப் கோவையோடு எழும். 0 என்றால் ஐடிலோடு எழும். இடையில் இருக்கும் டிடபிள்யூடிஎம் (ஒரே ஃபைபரில் பல அலைநீளங்களை அனுப்பும்) கருவி எதை ஏற்கிறது என்று பார்த்து, இரு முனையிலும் ஒரே மதிப்பைப் போட வேண்டும். ஒரு முனையில் 1, மறுமுனையில் 0 என்று விடுவது தொல்லையை வரவழைப்பது.

சிஸ்கோவின் எம்டிஎஸ் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்வி எளிதாக வரும். இன்டர்ஃபேஸில் ஸ்விட்ச்போர்ட் ஃபில்-பேட்டர்ன் என்ற கட்டளையில் 8000 வேகத்துக்கு ஐடில் அல்லது ஆர்ப்-எஃப்எஃப் என்று இரண்டே தேர்வுகள். அங்கே 3 போல முயன்று மாறும் வழி இல்லாததால் எதிர்முனையின் ஆவணத்தைப் படித்தே தீர வேண்டும்.

16 ஜி-யில் ஓடும் லிங்க்குக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அங்கே 8பி/10பி போய் 64பி/66பி வந்துவிட்டது, கோவைகளும் வேறு.

மாற்றிய பின் எதைப் பார்ப்பது

கவுண்டர்கள் தாமாகக் குறையாது. மாற்றியதும் போர்ட்ஸ்டாட்ஸ்கிளியர் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய எண்ணைப் பார்த்து மோடு மாறவில்லை என்று நினைக்கத் தோன்றும். சில நிமிடம் கழித்து ஈஆர் பேட் ஓஎஸ்-ஐப் பாருங்கள். லிங்க் எழுந்த கணத்தில் சில எண்ணிக்கை ஏறி, அதன்பின் அசையாமல் நின்றால் மோடு பொருந்திவிட்டது. தொடர்ந்து ஏறினால் மற்ற மோடை முயலலாம். அதுவும் பலிக்காவிட்டால் ஸ்விட்ச் வாங்கிய நிறுவனத்தின் சப்போர்ட்டைக் கேட்பதே முறை.

இரைச்சல் அடங்கியபின், பிழைக் கவுண்டர்களைக் காட்டும் போர்ட்எர்ஷோவைப் புதிய கண்ணோடு படிக்கலாம். சிஆர்சி பிழையோடு (ஃபிரேம் சிதைந்ததைக் காட்டும் எண்ணிக்கை) சிஆர்சி ஜி-ஈஓஎஃப் (சிதைந்தும் முடிவுக் குறி நல்லதாக உள்ள ஃபிரேம்கள்) என்ற பத்தியும் ஏறினால் கோளாறு அந்த லிங்க்கிலேயே பிறக்கிறது. எஸ்எஃப்பி, கேபிள், பேட்ச் பேனல் என்று அங்கேயே தேடுங்கள். சிஆர்சி ஏறி ஜி-ஈஓஎஃப் அசையாமல் இருந்தால், கெட்ட ஃபிரேமை வேறொரு ஸ்விட்ச் ஏற்கெனவே கண்டு குறியிட்டு அனுப்பியிருக்கிறது, தேட வேண்டியது அந்தப் பக்கம். என்க்-அவுட் (ஃபிரேமுக்கு வெளியே வரும் குறியாக்கப் பிழை) மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் கேபிளையும் எஸ்எஃப்பி-யையும் சந்தேகியுங்கள்.

எல்லாம் அமைந்ததும் கான்ஃபிக்அப்லோடு கட்டளையால் அமைப்பின் நகலை எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்விட்ச் பழுதாகி மாற்று யூனிட் வரும்போது அதன் இயல்பான மோடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், ஃபேக்டரி ரீசெட் செய்தது என்றால் 0-இல் இருக்கும். கேபிள்களை இடம் மாற்றுமுன் சேமித்த கான்ஃபிக்கை ஏற்றி, போர்ட்சிஎஃப்ஜிஷோவில் ஃபில் வேர்டு வரிகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தபின் சாதனங்களைச் செருகுங்கள்.